பலபேர் கேட்டால்தான் பொருள் வளரும்

(திருமுருகன்பூண்டியில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர்கள் கூட்டத்தில், தையல் தொழில் செய்யும் எங்கள் குழுவின் சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க. "என்ற மகள் சென்னையில சாப்ட்வேர் கம்பெனிக்குப் போறா. அங்க என்னதான் செய்யறாங்கன்னு கேட்டா பொருள் தயார் பண்றோம்ங்கறா. போயிப் பார்த்தா ஒரு பொருளும் கண்ணுக்குத் தெரியல. துணி இல்ல, நூல் இல்ல. இன்னதைச் செய்யுன்னு அவங்களுக்கு யாருங்க சொல்றாங்க?" எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகுதான், இது நம்ம தொழிலுக்கே வேண்டிய கேள்வி என்று எங்களுக்குத் தோன்றியது. இன்னதைச் செய் என்று யார் சொல்கிறார்கள்? ஒருத்தர் மட்டும் சொல்கிறாரா, பலபேர் சொல்கிறார்களா? இதில்தான் ஒரு தொழில் பிழைப்பதும் படுப்பதும் இருக்கிறது. அதை எங்கள் குழு பட்டுத் தெரிந்துகொண்டது. படித்த பிள்ளைகளிடம் கேட்டும், புத்தகம் பார்த்தும் தெரிந்ததைச் சேர்த்துச் சொல்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத பொருள்

ரேஷன் கடையில் கார்டைக் காட்டினால் யாருக்கு எத்தனை கிலோ என்று மிஷின் சொல்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் பட்டனை அமுக்கினால் டிக்கெட் வருகிறது. போனில் பணம் போகிறது. இந்த மிஷின்களுக்கெல்லாம் "இப்படி செய், அப்படி செய்" என்று எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்புதான் மென்பொருள், அதாவது சாப்ட்வேர். நம்ம கட்டிங் மாஸ்டர் வெட்டி வைக்கும் அட்டை பேட்டர்ன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டர்ன் சரியாக இருந்தால் எத்தனை துணி வேண்டுமானாலும் வெட்டலாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. நாம் நூறு பீஸ் தைக்க நூறு பீஸுக்கும் துணி வேண்டும், கரண்டு வேண்டும், கை வேண்டும். அவர்களுக்கு முதல் பீஸ் செய்யத்தான் மாதக்கணக்கில் செலவு. அடுத்த பீஸுக்கு ஏறக்குறைய செலவே இல்லை. அதனால் ஒரே பொருளை எத்தனை பேருக்கு விற்க முடிகிறதோ அத்தனை லாபம். ஆனால் வாங்குகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்களா? பெரிய பேங்கும் கேட்கும், மளிகைக்கடைக்காரரும் கேட்பார். எழுதப் படிக்கத் தெரிந்தவரும் உண்டு, தெரியாதவரும் உண்டு. இத்தனை விதமான ஆட்கள் கேட்கும்போது பொருள் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நம்ம ஊர்க் கதை

சாப்ட்வேருக்குப் போவதற்கு முன்னால் நம்ம திருப்பூரையே பாருங்க. பல ஆண்டுகள் இங்கே தைத்தது பெரும்பாலும் வெள்ளை உள்பனியன்தான். வாங்கியவர்கள் நம்ம நாட்டு வியாபாரிகள். ஒரே மாதிரி வாடிக்கையாளர், ஒரே மாதிரி சரக்கு. 1978-ல் வெரோனா என்ற இத்தாலி நாட்டு இறக்குமதியாளர், மும்பை வியாபாரிகள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்ததாகச் சொல்வார்கள். 1980-களில் ஐரோப்பாவின் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவர் கலர் கேட்டார், ஒருவர் பிரிண்டிங் கேட்டார், ஒருவர் குழந்தைத் துணி கேட்டார். ஒவ்வொருவர் கேட்டதற்கும் இங்கே ஒரு புதுத் தொழில் பிறந்தது. சாயப்பட்டறை, பிரிண்டிங், எம்பிராய்டரி, காம்பாக்டிங் எல்லாம் அப்படிப் பெருகியவைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1994-ல் ஜெர்மனி, உடம்புக்குக் கெடுதல் செய்யும் சில வகை அசோ சாயங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. அதுவரை அந்தச் சாயத்தைப் பற்றி இங்கே வாங்குகிறவர் யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. ஒரு நாட்டு வாடிக்கையாளர் கேட்டதால் சாயத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. பின்னர் இந்தியாவிலும் தடை வந்தது. அந்த மாற்றத்தால் நன்மை யாருக்கு? ஜெர்மனிக் குழந்தைக்கு மட்டுமா? இங்கே அதே துணியைத் தொட்டுப் பிசிர் வெட்டும் நமக்கும்தான்.

வித்தியாசமான ஒருவர் கேட்கும் கேள்வி, நாம் அதுவரை பார்க்காத ஒரு குறையைக் காட்டிக் கொடுக்கிறது. இதை முதல் பாடமாக வைத்துக்கொள்வோம்.

ஒரே வகை ஆளை நம்பினால்

இப்போது சாப்ட்வேருக்கு வருவோம். 1996-ல் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் போன்றவர்கள் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். சென்னைப் பக்கம் தாம்பரத்தில் சின்ன இடத்தில்தான் வேலை. டெலிபோன், இன்டர்நெட் கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கு மட்டும் சாப்ட்வேர் செய்து கொடுத்தார்கள். வியாபாரம் நன்றாகவே போனது.

2001 வாக்கில் உலகம் முழுக்க அந்தத் துறையில் பெரிய சரிவு வந்தது. கருவி செய்யும் கம்பெனிகள் படுத்தன. அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளர்களும் ஒன்றொன்றாகக் குறைந்தார்கள். பொருளில் குறை இல்லை. வாங்கும் ஆட்கள் எல்லாம் ஒரே வகை, அந்த வகையே விழுந்துவிட்டது. அதுதான் சங்கடம்.

அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையை வேறு யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தார்கள். பேங்க், ஆஸ்பத்திரி, காலேஜ் என்று எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் பிரிவு இருக்கிறதே, அவர்களுக்கென்று மேனேஜ்என்ஜின் என்ற வரிசையைச் செய்தார்கள். 2005-ல் சின்ன வியாபாரிகளும் பயன்படுத்தும்படி சோஹோ என்ற பெயரில் புதிய பொருட்களைக் கொண்டுவந்தார்கள். கடிதம் எழுத ஒன்று, வாடிக்கையாளர் விவரம் வைக்க ஒன்று, பிறகு கணக்கு எழுத ஒன்று என்று வளர்ந்தது. 2009-ல் கம்பெனியின் பெயரே சோஹோ ஆனது. தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்திலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. 2023-ல் பயன்படுத்துவோர் 10 கோடியைத் தாண்டியதாக அவர்களே அறிவித்தார்கள்.

சரிவு வராமல் இருந்திருந்தால் ஒரே வகை ஆட்களுக்கு ஒரே வகைப் பொருளைச் செய்துகொண்டே இருந்திருப்பார்களோ என்னவோ. இரண்டாவது பாடம்: வாடிக்கையாளர் பலவகை என்றால் பொருளும் பலவகை ஆகும். ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும்.

வாங்கியவர் மாற்றிப் பயன்படுத்தினால்

மூன்றாவது பாடம் இன்னும் சுவையானது. திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் பிரஷ்டெஸ்க் என்ற கம்பெனியை நண்பருடன் தொடங்கினார். வாடிக்கையாளர் புகார் சொன்னால் அதைப் பதிந்து, யார் கவனிக்கிறார், முடிந்ததா என்று பார்க்கும் சாப்ட்வேர். நம்ம தீர்மானப் புத்தகத்தில் "யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்" என்று எழுதுகிறோமே, அது மாதிரி. முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி.

போகப்போக ஒன்றைக் கவனித்தார்கள். சில கம்பெனிகள் இதை வெளி வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தவில்லை. "என் கம்ப்யூட்டர் ஓடவில்லை, பிரிண்டர் வரவில்லை" என்று தங்கள் சொந்த ஊழியர் சொல்லும் புகாரைப் பதியப் பயன்படுத்தின. "நீங்க தப்பா பயன்படுத்தறீங்க" என்று கம்பெனி சொல்லவில்லை. அந்தத் தேவைக்கென்றே 2014-ல் பிரஷ்சர்வீஸ் என்று தனிப்பொருள் செய்தது. பிரஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனியின் பங்குகள் 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றன.

கென்யாவில் நம்மைப் போன்ற பெண்கள்

இதே பாடம் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அங்கேயும் நம்மைப் போலக் குழுவாகச் சேர்ந்து சிறுகடன் வாங்கி வாராவாரம் கட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் கடன் தவணையைச் செல்போன் மூலமாகக் கட்டினால் அலைச்சல் மிச்சமாகுமே என்று, 2005-ல் சபாரிகாம் என்ற டெலிபோன் கம்பெனியும் வோடபோனும் பவுலு என்ற சிறுகடன் நிறுவனத்துடன் சேர்ந்து சோதனை செய்து பார்த்தன. பெயர் எம்-பெசா. பெசா என்றால் அவர்கள் மொழியில் பணம்.

சோதனையில் என்ன நடந்தது? மக்கள் தவணை கட்டியதோடு நிற்கவில்லை. ஒருவர் தவணையை இன்னொருவர் கட்டினார். ஊரில் இருக்கும் உறவினருக்குப் பணம் அனுப்பினார்கள். இரவில் கையில் பணம் வைத்திருக்கப் பயந்து போனில் போட்டு வைத்தார்கள். கடன் தவணை என்ற ஒரு வேலைக்குச் செய்த பொருள், மக்கள் கையில் போனதும் வேறாக மாறியது. கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துக் கடன் தவணையைப் பின்னால் தள்ளி, "ஊருக்குப் பணம் அனுப்பலாம்" என்பதையே முன்னால் வைத்து 2007 மார்ச் மாதம் வெளியிட்டார்கள். நாடு முழுக்கப் பரவியது.

ஒன்றை மறைக்கக் கூடாது. போனிலேயே கட்டினால் வாரக் கூட்டத்துக்கு ஏன் வர வேண்டும் என்ற கேள்வி அங்கே எழுந்தது. அது சிறுகடன் நிறுவனத்துக்குக் கவலையானது. குழு என்பது பணம் கட்டும் இடம் மட்டும் இல்லை, முகம் பார்த்துப் பேசும் இடம் என்று நமக்குத் தெரியும். ஒரு வாடிக்கையாளருக்கு வசதியானது இன்னொருவருக்கு இடைஞ்சலாகலாம். பலவகை ஆட்கள் என்றால் இந்த முரண்பாடும் சேர்ந்துதான் வரும்.

நம்ம நாட்டில்

காசு செலவாகாமல் சேதி சொல்ல மிஸ்டு கால் கொடுக்கிறோமே, அதைக் கண்டுபிடித்தது எந்தக் கம்பெனியும் இல்லை. சிக்கனமாக இருந்த நம்ம ஜனங்கள்தான். அதைப் பார்த்து அதையே தொழிலாக வைத்து 2010-ல் பெங்களூரில் ஜிப்டயல் என்ற கம்பெனி தொடங்கியது. 2015-ல் அதை ட்விட்டர் விலைக்கு வாங்கியது. இன்று பேங்கில் மிச்சப் பணம் தெரிந்துகொள்ளவும் மிஸ்டு கால் கொடுக்கிறோம்.

கடையில் "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிற சவுண்ட்பாக்ஸ் டப்பாவைப் பாருங்க. படித்த ஆளுக்குப் போனில் மெசேஜ் வந்தால் போதும். ஆனால் இரண்டு கையும் மாவாக இருக்கும் வடைக்கடை அம்மாவால் போனை எடுத்துப் பார்க்க முடியுமா? அவங்களும் வாடிக்கையாளர் ஆனபோதுதான் காதில் விழும் பொருள் பிறந்தது. பேடிஎம் கொண்டுவந்தது, பிறகு மற்ற கம்பெனிகளும் செய்தன.

2017 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் தேஜ் என்ற பெயரில் பணம் அனுப்பும் செயலியைக் கொண்டுவந்தபோது, தமிழ் உட்பட ஏழு இந்திய மொழிகளில் கொடுத்தது. அதுதான் இன்றைய கூகுள் பே. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? அவர்களுக்காக 2022 மார்ச் 8-ம் தேதி, நம்ம மகளிர் தினத்தன்று, ரிசர்வ் வங்கி யூ.பி.ஐ. 123பே என்ற முறையைத் தொடங்கி வைத்தது. போன் செய்து, குரல் சொல்வதைக் கேட்டு, எண்ணை அமுக்கிப் பணம் அனுப்பலாம். நாட்டில் சுமார் 40 கோடிப் பேர் அப்படிப்பட்ட போன் வைத்திருந்தார்கள் என்று அப்போது சொன்னார்கள்.

தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பும் செல்லினம் என்ற மென்பொருளைச் செய்தவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். 2005 பொங்கல் சமயத்தில் அது சிங்கப்பூரில் வெளியானது. கடல் கடந்த தமிழரும் வாடிக்கையாளராக இருந்ததால் நம்ம மொழிக்குக் கிடைத்த நன்மை அது.

எங்கள் குழுவின் அனுபவம்

இனி எங்கள் கதை. எங்கள் குழுவில் 14 பேர். பேங்க் கடன் வாங்கி ஆறு மிஷின் போட்டோம். ஒரே ஒரு இடத்தில்தான் ஜாப் ஒர்க். அமெரிக்காவுக்குப் போகும் குழந்தை டி-சர்ட். கட்டிங் பீஸ் வரும், பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் ஓட்டுவோம், பிசிர் வெட்டிக் கொடுப்போம். மூன்று வருஷம் வேறு எதையும் பார்க்கவில்லை. "வர்ற வேலையே செய்ய நேரமில்ல, எதுக்குங்க வேற ஆளு?" என்று நாங்களே கூட்டத்தில் பேசினோம்.

2025-ல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை ஏற்றியது. ஆகஸ்ட் 27 முதல் அது 50 சதவீதம் ஆனது. திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. பல நாட்டு பையர்கள் உள்ள கம்பெனிகள் ஐரோப்பா ஆர்டரை வைத்துச் சமாளித்தன. எங்களுக்கு வேலை கொடுத்தவருக்கு அது இல்லை. செப்டம்பர் முதல் வாரம் பீஸ் வருவது நின்றது. "நிலைமை சரியானதும் சொல்றேங்க" என்று போனில் ஒரு வார்த்தை. பாக்கிக் கூலியும் நின்றது. மாதத் தவணை 18,400 ரூபாய் மட்டும் நிற்கவில்லை.

அன்று நடந்த கூட்டத்தை மறக்க முடியாது. மிஷினை விற்றுக் கடனை அடைப்போம் என்று ஏழு பேர். வைத்துக்கொண்டு முயற்சி செய்வோம் என்று ஏழு பேர். இரண்டு பேர் அழுதார்கள். கடைசியில் மூன்று மாதம் பார்ப்போம், அதுவரை தவணைக்கு உள்கடன் நிதியில் இருந்து பாதி எடுப்போம் என்று தீர்மானம் போட்டோம்.

காதர்பேட்டையில் துணி வாங்கி 40 நைட்டி தைத்தோம். அளவு, கழுத்து, கலர் எல்லாம் எங்கள் இஷ்டம். விற்றது 11. மீதியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அப்போதுதான் ஒருத்தி கேட்டாள்: "நாம யாருகிட்டயாவது உனக்கு என்ன வேணும்னு கேட்டோமா?"

கேட்கவில்லை. இரண்டு இரண்டு பேராகக் கிளம்பினோம். தெரிந்தவர் வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது, வேறு வேறு விதமான ஆட்களைப் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டு போனோம். எழுபது வயது அம்மா ஒருவர் சொன்னார்: "கை மேல தூக்க முடியலீங்க அம்மிணி. தலை வழியா மாட்டற துணியே எனக்கு ஆகாது." அவருக்கு முன்பக்கம் முழுக்கத் திறந்து டிச் பட்டன் வைத்தோம். பனியன் கம்பெனிக்குப் போகும் பெண், போன் வைக்க ஆழமான பாக்கெட் கேட்டாள். லைன் வீட்டில் இருக்கும் ஒடிசா பெண்கள் நைட்டியே வேண்டாம், முழங்கால் வரை குர்த்தி வேண்டும் என்றார்கள். அவர்கள் பேசியது எங்களுக்குப் புரியவில்லை, அவர்களுடைய பத்து வயதுப் பிள்ளைதான் தமிழில் சொன்னான்.

நம்ம பூண்டியில் சிற்பக்கூடங்கள் எத்தனை! ஒரு சிற்பியின் மனைவி, "கல்தூசி கழுத்துலயும் காதுலயும் போயி அரிக்குதுன்னு அவரு துண்டைக் கட்டறாரு, அது அவுந்து அவுந்து போகுது" என்றார். கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணியில் தலை, காது, கழுத்து மூன்றையும் மூடும் உறை ஒன்று தைத்துக் கொடுத்தோம். நன்றாக இழுத்துக் கொடுக்கும், துவைத்தால் காய்ந்துவிடும். அதைப் பார்த்து ரோடு வேலைக்குப் போகும் பெண்கள் கேட்டார்கள். பிறகு தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வெயிலுக்குக் கேட்டார்கள். எங்கள் பதினான்கு பேர் மூளையில் ஒருக்காலும் வந்திருக்காத பொருள் அது. கேட்டவர் வேறு ஆளாக இருந்ததால்தான் வந்தது. (இந்தத் துணி அரிப்புக்கும் வெயிலுக்கும்தான். மூச்சில் போகும் கல்தூசியை இது தடுக்காது. அதற்குத் தனி முகக்கவசம் வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் விற்கிறோம்.)

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். இரண்டு தவணை தாமதமானது. இரண்டு உறுப்பினர்கள் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். ஏற்றுமதி வேலை நன்றாக ஓடிய மாதங்களின் வருமானம் இன்னும் வரவில்லை. ஆனால் மிஷினை விற்கவில்லை. தவணை கட்டுகிறோம். இப்போது ஒரே ஒரு போன் வராவிட்டால் அடுப்பு அணையும் என்ற நிலை இல்லை.

எல்லோருக்கும் சரி சொல்லக் கூடாது

இதிலும் ஒரு தப்பு செய்தோம். ஒருவர் ஒவ்வொரு துணியிலும் கை எம்பிராய்டரி கேட்டார். ஒத்துக்கொண்டோம். ஒரு பீஸுக்கு இரண்டு நாள் ஆனது, கொடுத்த விலைக்கு நூல் காசுகூடத் தேறவில்லை. சாப்ட்வேர் கம்பெனிகளிலும் இதே வம்பு உண்டாம். ஒவ்வொருவர் கேட்டதையும் சேர்த்துக்கொண்டே போனால் பொருள் குப்பையாகி யாருக்கும் புரியாமல் போகும். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதையே செய்துகொண்டிருந்தால் சின்னவர்கள் விலகிப் போவார்கள்.

நல்ல கம்பெனிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. நமக்குத் தெரிந்த வழிதான். மாவு ஒன்றுதான். அதிலேயே முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்தால் பணியாரம். ஒவ்வொருவருக்கும் தனி மாவு அரைத்தால் நாம் தாங்குவோமா? அடிப்படை ஒன்றாக வைத்து மேலே மட்டும் மாற்ற வேண்டும். சாப்ட்வேரில் உள்ளே ஒன்றுதான், மொழியும் பட்டனும் ஆளுக்குத் தகுந்தபடி மாறும். நாங்களும் இப்போது இரண்டே பேட்டர்ன்தான் வைத்திருக்கிறோம். கழுத்து, திறப்பு, பாக்கெட் மட்டும் மாறும்.

இன்னொரு விதியும் வைத்திருக்கிறோம். ஒருவர் கேட்டால் நோட்டில் எழுது. மூன்று வேறு வேறு விதமான ஆட்கள் ஒன்றையே கேட்டால் சாம்பிள் தை. ஒரே தெருவில் ஒரே மாதிரி மூன்று பேர் கேட்டால் அது ஒன்று என்றுதான் கணக்கு.

நாமும் வாடிக்கையாளர்தான்

கடைசியாக ஒன்று. நாம் விற்கிறவர்கள் மட்டும் இல்லை சகோதரிகளே, சாப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்களும் நாம்தான். நம்ம குழுக்களின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நபார்டு வங்கி 2015-ல் இ-சக்தி என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஜார்க்கண்டில் ராம்கர், மகாராஷ்டிராவில் துலே என்ற இரண்டு மாவட்டங்களில் சோதனை. ஊரக வளர்ச்சித் துறையின் லோக்ஓஎஸ் செயலியும் வந்திருக்கிறது. அதில் ஒரு கட்டம் புரியவில்லை என்றால், நாம் என்ன சொல்கிறோம்? "நமக்குப் படிப்பு பத்தாது." ஏன் அப்படி? துணி உடம்புக்குச் சேரவில்லை என்றால் தைத்தது சரியில்லை என்றுதானே சொல்வோம், உடம்பு சரியில்லை என்றா சொல்வோம்?

கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை, தமிழ் சரியாக இல்லை, சிக்னல் இல்லாத இடத்தில் ஓடவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கூட்டமைப்பு வழியாக அனுப்ப வேண்டும். டவுனில் படித்தவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பொருள் அவர்களுக்குத் தகுந்த மாதிரிதான் வரும். வடைக்கடை அம்மா வாடிக்கையாளர் ஆனதால் கத்துகிற டப்பா வந்தது. கென்யாவில் தவணை கட்டுகிற பெண்கள் மாற்றிப் பயன்படுத்தியதால் ஒரு நாட்டின் பண வழக்கமே மாறியது. அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். கேட்கிற குழுவுக்குத்தான் பொருள்.

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: உங்க மகளுக்கு இன்னதைச் செய் என்று சொல்வது மேஜையில் உட்கார்ந்த அதிகாரி மட்டும் இல்லீங்க அக்கா. எங்கேயோ இருந்து போனை எடுத்து, இது எனக்குச் சரிப்படவில்லை என்று சொல்லும் ஒவ்வொருவரும்தான். அதில் நாமும் ஒருவராக இருப்போம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. நம்ம பொருளை வாங்குகிறவர்கள் எத்தனை வகை ஆட்கள்? அதில் ஒரு வகை நின்றுபோனால் தவணை கட்ட முடியுமா?

2. நம்மிடம் வாங்காத மூன்று வகை ஆட்கள் யார்? அவர்களிடம் யார் யார் போய்க் கேட்பது? எந்தத் தேதிக்குள்?

3. வாங்கியவர்கள் நம்ம பொருளை நாம் நினைத்ததற்கு மாறாகப் பயன்படுத்துகிறார்களா?

4. குழுக் கணக்குச் செயலியில் நமக்குச் சிரமமாக இருப்பது என்ன? அதைத் தீர்மானத்தில் எழுதினோமா?